இரண்டு டப்பா பாலிஷ்: மரச்சாமானுக்கு பி.யூ., மெலமைன் அடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக்கு மரச்சாமான் செய்பவர்களும் செய்யச் சொல்பவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. பாலிஷ் மேஸ்திரிக்கும் பயன்படும், தாமே அடிக்க நினைப்பவருக்கும் பயன்படும். இங்கே சொல்லும் அளவுகள் பொதுவானவை. டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு இதற்கு மாறாக இருந்தால் டப்பா சொல்வதே சரி.

இரண்டு டப்பா பாலிஷ் என்றால் என்ன? சாதாரண வார்னிஷுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பி.யூ. (பாலியூரித்தேன்), மெலமைன் இரண்டும் இந்த வகை. கடையில் பெரிய டப்பா ஒன்றும் சின்ன டப்பா ஒன்றும் ஜோடியாகத் தருவார்கள். பெரியதில் இருப்பது பேஸ், சின்னதில் இருப்பது ஹார்ட்னர். தனித்தனியாக மூடி வைத்திருக்கும் வரை இரண்டும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒன்றாகக் கலந்த நிமிடமே வேலை தொடங்கிவிடும். ஒன்றின் மூலக்கூறு மற்றொன்றைப் பற்றிக்கொண்டு, வலை பின்னியது போல இறுகும்.

அரக்கு கரைத்த ஸ்பிரிட் பாலிஷும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் அப்படி இல்லை. அவற்றில் தின்னர் (கரைக்கும் திரவம்) ஆவியாகிப் போனால் மிச்சம் இருப்பதுதான் பூச்சு. பல வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். இறுகிய பி.யூ. கரையாது. அதன் பலமும் அதுதான், தொல்லையும் அதுதான். சரியாக அடித்தால் சாம்பார் கொட்டினாலும் கவலையில்லை. தப்பாக அடித்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மெலமைன் நல்லதா, பி.யூ. நல்லதா?

எந்தச் சாமான் என்பதைப் பொறுத்தது. மெலமைனில் ஹார்ட்னர் என்பது ஓர் அமிலம். விலை குறைவு, சீக்கிரம் காயும், கலந்தது ஒரு வேலை நாள் முழுக்கத் தாங்கும். அலமாரிக் கதவு, புத்தக ஷெல்ஃப், ஷோகேஸ் போன்றவற்றுக்குப் போதும். ஆனால் காயும்போதும் காய்ந்த பிறகு சில வாரங்களும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். கண் எரிச்சல் தரும் அந்த வாசனை அதுதான். தொட்டில், குழந்தைக் கட்டில், காற்றோட்டமில்லாத படுக்கையறை வார்ட்ரோபின் உட்பக்கம் ஆகியவற்றுக்கு மெலமைன் வேண்டாம் என்றே சொல்வோம்.

பி.யூ.வில் ஹார்ட்னர் ஐசோசயனேட். பூச்சில் நெகிழ்வு அதிகம். மரம் கோடையில் சுருங்கி மழையில் உப்பும்போது கூடவே கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். மெலமைன் அதே இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். டைனிங் டேபிள், ஊஞ்சல் பலகை, மாடிப்படிக் கைப்பிடி, வாசல் கதவு எல்லாவற்றுக்கும் பி.யூ.தான்.

இவை தவிர பாலியஸ்டரும் எபாக்சியும் உண்டு. பாலியஸ்டருக்கு கோபால்ட், பெராக்சைடு என இரண்டு துணைப் பொருள்கள் வரும். அவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். அனுபவம் இல்லாதவர் அதைத் தொடவே வேண்டாம். எபாக்சியைப் பலகை விரிசலில் ஊற்றி நிரப்பலாம். மேல் பூச்சாக விட்டால் வெயிலில் மஞ்சளாகிவிடும். அதன் மேல் பி.யூ. அடித்தே ஆக வேண்டும்.

பி.யூ. மஞ்சளாகாது என்றார்கள். ஜன்னலோரம் வைத்த டேபிள் ஒரே வருடத்தில் பழுத்துவிட்டது. ஏன்?

பி.யூ.விலேயே இரண்டு ஜாதி. ஹார்ட்னர் அரோமேட்டிக் வகையாக இருந்தால் வெயில் பட்டு மஞ்சளாகும். அலிபேட்டிக் வகை மஞ்சளாவது மிகக் குறைவு, விலையும் கூட. கடைக்காரரிடம் "இன்டீரியரா, எக்ஸ்டீரியரா, நான்-யெல்லோயிங்கா" என்று கேட்டு, டப்பாவிலும் பார்த்து வாங்குங்கள். தேக்கின் மேல் லேசான மஞ்சள் தெரியாது. வெள்ளை அடித்த எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) கதவில் மறுவருடமே பளிச்சென்று தெரியும். வெள்ளைக்கு மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பேஸும் ஹார்ட்னரும் எந்த அளவில் கலக்க வேண்டும்?

டப்பாவில் போட்டிருக்கும் அளவில்தான். பி.யூ.வில் 2:1 அதிகம் காணப்படுவது. 1:1, 4:1 என்றும் வரும். மெலமைனில் 10:1 போல ஹார்ட்னர் மிகக் குறைவாக வரும். சீலருக்கு (அடிப்பூச்சு) ஒரு விகிதம், டாப் கோட்டுக்கு (மேல் பூச்சு) வேறு விகிதம் இருப்பதும் சகஜம். நேற்றைய டப்பாவின் நினைவில் இன்றைக்குக் கலக்காதீர்கள்.

விகிதம் கன அளவிலா, எடையிலா என்பதையும் பாருங்கள். பேஸும் ஹார்ட்னரும் ஒரே கனம் உள்ளவை அல்ல. எடைக்குச் சொன்ன விகிதத்தை லிட்டர் கப்பில் அளந்தால் பிசகும்.

இங்கே வேலை கெடுவதில் பெரும்பங்கு கண் அளவில் கலப்பதால்தான். "டப்பா மூடிக்கு ரெண்டு மூடி" என்று ஊற்றுவது 5 லிட்டர் கலக்கும்போது ஒருவேளை தப்பிவிடும். 200 மில்லி மெலமைன் பேஸுக்கு 10:1 என்றால் வேண்டியது 20 மில்லி ஹார்ட்னர். மூடியில் 10 மில்லி கூடப் போனால் அது ஒன்றரை மடங்கு. மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் 20 மில்லி சிரிஞ்சு வாங்கி வையுங்கள். பெரிய அளவுக்குக் கோடு போட்ட பிளாஸ்டிக் மக் போதும். மெலமைன் ஹார்ட்னர் அமிலம் என்பதால் இரும்பு டப்பாவில் கலக்கக் கூடாது. இரும்பு கரைந்து பாலிஷில் கருமை ஏறும்.

முதலில் பேஸ் டப்பாவை அடிவரை கிண்டுங்கள். மேட், சாட்டின் வகையில் மினுமினுப்பைக் குறைக்கும் தூள் அடியில் தங்கியிருக்கும். கிண்டாமல் மேலாக எடுத்தால் முதல் கதவு பளபளவென்றும் கடைசிக் கதவு சுண்ணாம்பு போலவும் வரும். பிறகு ஹார்ட்னரை ஊற்றி 2, 3 நிமிடம் ஓரமும் அடியும் சுரண்டிக் கலக்குங்கள். தின்னர் கடைசியில்தான். 10 நிமிடம் விட்டு, நைலான் துணியில் வடிகட்டி ஸ்ப்ரே கன்னில் ஊற்றலாம்.

ஹார்ட்னர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகுமா?

இறுகாது. பேஸோடு சேர வேண்டியது போக மிஞ்சிய ஐசோசயனேட், காற்றிலுள்ள ஈரத்தோடு சேரும். பூச்சு கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போகும். அடுத்த கோட்டும் சரியாகப் பிடிக்காது. மெலமைனில் அமிலம் கூடினால் சில வாரத்தில் வெடிப்பு வரும், மேலே வெள்ளைப் பூப்பூக்கும். குறைந்தால் வேறு கேடு: தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் நகம் பதியும், டம்ளர் வைத்த வட்டம் விழும். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அடியில் உள்ளது இறுகப் போவதில்லை. தேய்த்து எடுக்க வேண்டியதுதான்.

சீக்கிரம் காய வேண்டுமென்றால் கோட்டை மெல்லியதாக அடியுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

ஒரு கம்பெனி பேஸுக்கு வேறு கம்பெனி ஹார்ட்னரும் வேண்டாம். வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஐசோசயனேட்டின் செறிவு வேறு வேறு.

சாதாரண தின்னர் ஊற்றினால் என்ன ஆகும்? எல்லாம் தின்னர்தானே?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சாதாரண தின்னர் என்று விற்பது பெரும்பாலும் என்.சி. தின்னர். அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் கலந்திருக்கும். ஐசோசயனேட்டுக்குப் பேஸும் ஒன்றுதான், ஆல்கஹாலும் ஒன்றுதான். எது முன்னால் நிற்கிறதோ அதைப் பற்றிக்கொள்ளும். நீங்கள் மில்லிக் கணக்கில் அளந்து ஊற்றிய ஹார்ட்னரில் ஒரு பங்கைத் தின்னரே தின்றுவிடும். பூச்சு பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும். மூன்றாம் மாதம் சூடான பாத்திரம் ஒட்டும்போதுதான் தெரியும். அப்போது பழி மரத்தின் மேலோ கம்பெனியின் மேலோ விழும்.

பி.யூ.வுக்கு பி.யூ. தின்னர், மெலமைனுக்கு மெலமைன் தின்னர், அதுவும் அதே கம்பெனியுடையது. லேபிள் இல்லாத கேனில் அளந்து விற்பதை கன் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய பின் கன்னில் அதன் சொட்டு நிற்கக் கூடாது. கடைசியாகக் கொஞ்சம் பி.யூ. தின்னர் ஊற்றி ஒருமுறை அடித்துவிடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? பொதுவாகக் கலவையில் 20 முதல் 40 சதவீதம். கலவை எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று சரியாகப் பார்க்க ஃபோர்டு கப் 4 (அடியில் ஓட்டையுள்ள அளவுக் கப்) வாங்கலாம். கப்பை நிரப்பி அடி ஓட்டையைத் திறந்தால் 16 முதல் 20 நொடிக்குள் ஒழுகி முடிய வேண்டும்.

கலந்தது எவ்வளவு நேரம் தாங்கும்?

பி.யூ. 25 டிகிரியில் 3, 4 மணி நேரம் தாங்கும் என்று போட்டிருந்தால், 35 டிகிரியில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். பங்குனி, சித்திரையில் அரூர், பாலக்கோடு பக்கம் தகரக் கொட்டகையில் வேலை செய்பவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்குவது நல்லது. கெட்டியாகத் தொடங்கினால் தின்னர் ஊற்றி நீட்டாதீர்கள். வலை பின்னத் தொடங்கியாயிற்று. தின்னர் அதைத் தண்ணீராக்கிக் காட்டுமே தவிரப் பின்னலை அவிழ்க்காது. ஓட்டம், பிடிப்பு, மினுமினுப்பு மூன்றும் போகும்.

தண்ணீரில் கரையும் இரண்டு டப்பா பி.யூ.வும் இப்போது கிடைக்கிறது. அதில் நேரம் முடிந்தாலும் கெட்டியாகாமல் ஏமாற்றும் வகைகள் உண்டு. கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். அதைக் கரைக்க போர்வெல் தண்ணீரும் ஆகாது. நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

எந்த மரமாக இருந்தாலும் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமானி இல்லாவிட்டால் பலகையின் ஒரு துண்டைத் துல்லியத் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டு, நிழலில் வைத்து வாரம் ஒருமுறை மறுபடி நிறுங்கள். எடை குறைவது நிற்கும் வரை மரம் காயவில்லை.

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கடைசியாக உப்புத்தாள் போட்டதும் பி.யூ. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் சீலர் அடியுங்கள். இரண்டு நாள் விட்டால் பசை மறுபடி மேலே வரும். ஈட்டி மரத்தின் சாயம் தின்னரில் கரைந்து பக்கத்துப் பலகைக்கும் பரவும். முதல் கோட்டை நனையாமல் புகை போல மெல்லியதாகப் போட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வேம்பு, பூவரசு, பலா தொல்லை தருவதில்லை.

மாமரம் நம் மாவட்டத்தில் மலிவு. அதனால் கட்டில் சட்டம், பெஞ்சு என்று நிறையவே பயன்படுகிறது. ஆனால் அதில் பொடி விடும் வண்டு சுலபமாகப் புகும். மேலே பி.யூ. அடித்தால் உள்ளே இருக்கும் புழு சாகாது. வெளியே வரும்போது பூச்சையும் துளைத்துக்கொண்டுதான் வரும். அறுத்த ஈரத்திலேயே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள். மாவு போலப் பொடி உதிரும் பலகைக்குப் பாலிஷ் செலவு வீண்.

அடிப்பதற்கு முன் மரத்தை எப்படித் தயார் செய்வது?

உப்புத்தாள் 120, 180, 240 என்று வரிசையாக, ரேகையோடு ஒட்டியே தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்திய கீறல் சாயம் ஏற்றியதும் எழுந்து நிற்கும். வெறும் மரத்தை 320, 400 என்று வழவழப்பாக்கவும் வேண்டாம். சீலர் பிடித்துக்கொள்ள இடம் வேண்டும்.

ஆணித் துளைக்குப் பட்டி வைப்பது சாயத்துக்கு முன்பா பின்பா என்று கேட்பார்கள். சாயம் ஏற்றி, முதல் சீலர் அடித்த பிறகு அந்த நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்து வைப்பதே எங்களுக்குப் பிடித்த முறை. முன்பே வைத்தால் பட்டி சாயத்தை வேறு மாதிரி குடித்துப் புள்ளியாகத் தெரியும். எம்.டி.எஃப்.பின் வெட்டிய ஓரத்துக்கு மட்டும் ஒரு கோட் சீலர் கூடுதலாகக் கொடுங்கள். அது பஞ்சு போலக் குடிக்கும்.

ஒரு டைனிங் டேபிளுக்கு எவ்வளவு வாங்குவது?

6 அடிக்கு 3 அடி டேபிள் என்று வைத்துக்கொள்வோம். மேல் 18 சதுர அடி, அடிப்பக்கம் 18, காலும் சட்டமும் சுமார் 20. மொத்தம் 56 சதுர அடி. ஈரத்தில் 100 மைக்ரான் கனம் படியும்படி அடித்தால், 1 லிட்டர் கலவை வீணே ஆகாமல் போனால் 107 சதுர அடி வரும். சாதாரண கன்னில் பாதி காற்றோடு போகும். ஆக 1 லிட்டர் கலவைக்கு ஏறக்குறைய 54 சதுர அடி, அதாவது இந்த டேபிளுக்கு ஒரு கோட்.

2:1 விகிதம், 30 சதவீதத் தின்னர் என்றால் அந்த 1 லிட்டரில் பேஸ் 510 மில்லி, ஹார்ட்னர் 255, தின்னர் 230. சீலர் 2 கோட், டாப் 2 கோட் என்பது வழக்கம். அப்படியானால் சீலர் பேஸ் 1 லிட்டர், டாப் பேஸ் 1 லிட்டர், அவற்றுக்கு உரிய ஹார்ட்னர், தின்னர் 1 லிட்டர், கன் கழுவத் தனியாக 1 லிட்டர். அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மேல்புறம் மட்டும் அடைபட்டு, அடிப்புறம் ஈரத்தைக் குடித்தும் விட்டும் கொண்டிருந்தால் பலகை தட்டு போல வளைந்துவிடும். அடியில் ஒரு சீலர், ஒரு டாப் போதும்.

கன்னில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

நாசில் 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர். காற்றழுத்தம் 40, 45 பவுண்டு (பி.எஸ்.ஐ.). மரத்திலிருந்து ஒரு சாண் தூரம், 15 முதல் 20 சென்டிமீட்டர். கை வில்லாக வளையாமல் நேராக ஓட வேண்டும். முந்திய பட்டையின் பாதியை அடுத்த பட்டை மூட வேண்டும்.

கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் தினமும் வேலைக்கு முன் திறந்து தண்ணீரை வடியுங்கள். மழைக்காலத்தில் மதியமும் ஒருமுறை. ஐசோசயனேட்டில் தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் கரியமில வாயு கிளம்பும். பூச்சில் ஊசிமுனைக் குமிழி வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏர் லைனில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

பிரஷ்ஷால் அடிக்கலாமா?

சின்னச் சாமானுக்கு, பிரஷ் அடிக்க ஏற்றது என்று போட்ட பி.யூ.வை அடிக்கலாம். மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும். ஒரே திசையில் இழுத்துவிட்டுத் திரும்பத் தொடக் கூடாது. மெலமைன் மிக வேகமாக இழுத்துக்கொள்ளும், பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் அடிப்பது நல்லது?

20 முதல் 35 டிகிரி வெப்பம், 70 சதவீதத்துக்குக் கீழ் காற்று ஈரம் இருக்கும்போது. நம் இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே இது ஊருக்கு ஊர் மாறும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம். மார்கழி, தை விடியலில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிரில் பி.யூ. உறங்கிவிடும். தொட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும். பனி இறங்கும் முன் அது இறுகாவிட்டால் மேலே மங்கல் படியும். அங்கே பனிக்காலத்தில் காலை 10 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணிக்குள் கடைசிக் கோட்டை முடியுங்கள். டப்பாக்களையும் இரவில் வீட்டுக்குள் வையுங்கள். குளிர்ந்த பேஸ் கெட்டியாக இருக்கும், அதைப் பார்த்துத் தின்னரைக் கூட்டிவிடுவோம்.

தருமபுரி, காரிமங்கலம், அரூர் பக்கம் கோடையில் இதற்கு நேர்மாறு. மதியம் 38 டிகிரியைத் தாண்டும், தகரத்தின் கீழே மரமே கை வைத்தால் சுடும். சூடேறும் மரம் தன் துளைகளிலிருந்து காற்றை வெளியே தள்ளும். மேல் தோல் அதற்குள் காய்ந்துவிட்டால் அந்தக் காற்று குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். மாலை 4 மணிக்கு மேல், மரம் குளிரத் தொடங்கும்போது அடித்தால் அது பூச்சை உள்ளே இழுக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே குமிழித் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கூடவே மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை 5 முதல் 10 சதவீதம் சேர்க்கலாம்.

ஆடிக் காற்றில் தூசி. நான்குபுறமும் படுதா கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். தெளித்த உடனேயே அடித்தால் ஈரம் பூச்சுக்குப் போகும். ஐப்பசியில் மழை ஓய்ந்த மாலை என்றால் விளக்கைப் போட்டுவிட்டு அடிக்காதீர்கள். ஈசல் ஒன்று டாப் கோட்டில் விழுந்து சுழன்றால் ஒரு சதுர அடி போயிற்று.

ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி?

இரண்டு வழி உண்டு. முதல் கோட் தொட்டால் ஒட்டாமல், ஆனால் உள்ளே இன்னும் இறுகாமல் இருக்கும் சில மணி நேரத்துக்குள் அடுத்ததை அடித்தால் இரண்டும் வேதியியலாகவே சேரும். அந்த நேரம் டப்பாவில் இருக்கும். அது தாண்டிவிட்டால் இரவு முழுக்க விட்டு, 320 அல்லது 400 தாளால் தேய்த்து, மினுமினுப்பு ஒரு இடத்தில்கூட மிஞ்சாமல் மங்கலாக்கிய பிறகே அடிக்க வேண்டும். பளபளப்பு மிஞ்சிய இடத்தில் மேல் கோட் பிடிக்காது. ஆறு மாதம் கழித்து ஓரத்தில் அடிபட்டால் மாம்பழத் தோல் போல உரிந்து வரும்.

சீலரைத் தேய்க்கும்போது வெள்ளை மாவாக உதிர வேண்டும். தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னும் இறுகவில்லை, காத்திருங்கள். ஓரங்களில் கை லேசாக இருக்கட்டும். சாயம் முதலில் போவது அங்கேதான்.

பூச்சில் மீன்கண் போல வட்ட வட்டமாக ஒதுங்குகிறது. ஏன்?

எண்ணெய், மெழுகு அல்லது சிலிக்கான். புதுச்சாமானில் இது வந்தால் ஏர் லைனில் எண்ணெய் வருகிறதா பாருங்கள். கன்னை வெள்ளைத் தாளில் வெறும் காற்றாக ஒரு நிமிடம் அடித்தால் கறை காட்டிக்கொடுக்கும். பழைய சாமானில் காரணம் வீட்டிலேயே இருக்கும். கட்டில் தலைமாடு, சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை எல்லாம் வருடக்கணக்கில் தலை எண்ணெய் குடித்தவை. பூஜை மணையில் விளக்கெண்ணெய்.

அடிப்பதற்கு முன் இரண்டு துணி வைத்துத் துடையுங்கள். ஒன்று தின்னரில் நனைத்தது. அது காயும் முன்பே மற்றொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. அடிக்கும்போது வந்துவிட்டால் மேலே மேலே ஊற்றி மூடப் பார்க்காதீர்கள். நிறுத்தி, இறுகவிட்டு, தேய்த்து, துடைத்து, முதல் பட்டையைப் புகையாக அடித்துப் பிறகு நனைய அடியுங்கள்.

ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாக வந்தால் கலவை கெட்டி அல்லது கன் தூரம். மணல் போலச் சொரசொரத்தால் வழியிலேயே காய்ந்து விழுகிறது என்று பொருள். வழிந்தால் கன் கிட்டே அல்லது தின்னர் அதிகம்.

பழைய வார்னிஷ், பெயின்ட் மேலேயே பி.யூ. அடிக்கலாமா?

முதலில் சோதியுங்கள். மறைவான இடத்தில் பி.யூ. தின்னர் நனைத்த துணியை வைத்து, அழுத்தி 25 முறை தேய்க்க வேண்டும். துணியில் ஒன்றும் வராமல், இடமும் இளகாமல் இருந்தால் பழையது இறுகிய இரண்டு டப்பா பூச்சு. 320 தாளால் மங்கலாக்கி மேலே அடிக்கலாம். இளகினாலோ சுருங்கினாலோ முழுக்க எடுத்தே ஆக வேண்டும். எனாமல் பெயின்ட் மேல் நேராக அடித்தால் பி.யூ. தின்னர் அதைக் கருவாட்டுத் தோல் போலச் சுருட்டிவிடும்.

பளபளப்பு இன்னும் வேண்டும். பஃப் (மெருகுத் தேய்ப்பு) செய்யலாமா?

ஃபுல் கிளாஸ் பி.யூ.வில் மட்டும். இரண்டு, மூன்று நாள் இறுகவிட்டு, வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000 போட்டுக் காம்பவுண்டால் (மெருகுப் பசை) தேய்க்கலாம். வாட்டர் பேப்பருக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் மூலையில் உப்பு வெள்ளையாகப் படியும், அந்தத் துகளே கீறும். மேட் பூச்சைப் பஃப் செய்தால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், சரிசெய்ய முடியாது.

மஞ்சள் கறை பிடிக்குமா? சூடு தாங்குமா?

நன்றாக இறுகிய பி.யூ.வில் மஞ்சள் ஆழமாகப் போகாது. சோப்புத் தண்ணீரில் உடனே துடையுங்கள். லேசாக நிறம் மிஞ்சினால் சில நாள் வெயில் பட வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளுக்கும். தேநீர் டம்ளர் தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கருக்கு எந்தப் பாலிஷும் தாங்காது, மணை வையுங்கள்.

உடம்புக்கு என்ன கெடுதல்? முகத்தில் துண்டு கட்டினால் போதாதா?

போதாது. பி.யூ. ஸ்ப்ரேயில் மிதக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் இருமலும் நெஞ்சு இறுக்கமுமாகத் தொடங்கும். அப்படி ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். துண்டும் துணி மாஸ்க்கும் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதன் மேல் துகள் ஃபில்டரும் உள்ள மாஸ்க் வேண்டும். நாள் முழுக்க அடிப்பவருக்கு வெளியிலிருந்து நல்ல காற்று வரும் குழாய் மாஸ்க்தான் சரி. ஐசோசயனேட்டுக்கு வாசனை குறைவு. "மணம் வரவில்லையே" என்பதை நம்பி கார்ட்ரிட்ஜை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெஞ்சில் ஒட்டாது என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. சாப்பிட்டது வயிற்றுக்குப் போகும், மூச்சில் போனது நுரையீரலுக்குப் போகும். ஒன்று மற்றொன்றைக் கழுவாது. உதவிக்கு நிற்கும் பையனுக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் அடிப்பதானால் ஆட்களை வெளியே அனுப்பி, சிலிண்டரை மூடி, ஃபிரிட்ஜ் இணைப்பையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தின்னர் ஆவிக்கு ஒரு சுவிட்ச் பொறி போதும்.

மீந்ததை எப்படி வைப்பது?

கலந்தது மீந்தால் எடுத்து வைக்க வழியில்லை. திறந்த டப்பாவில் இறுகவிட்டுக் கட்டியாகப் போடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கலக்காத ஹார்ட்னரைச் சின்ன டப்பாவாகப் பார்த்து வாங்குவது நல்லது. திறந்துவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மூடும் முன் வாய் விளிம்பைத் துடைக்காவிட்டால் மூடி கல்லாக ஒட்டிக்கொள்ளும். கலங்கலாக, வெள்ளைப் படிவோடு இருந்தால் அது போய்விட்டது. டப்பா உப்பியிருந்தால் உள்ளே கரியமில வாயு. முகத்தைத் தள்ளி வைத்து மெதுவாகத் திறங்கள், பாலிஷுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடித்து எத்தனை நாளில் வீட்டுக்குக் கொண்டு போகலாம்?

அரை மணி நேரத்தில் தூசி ஒட்டாது, மறுநாள் தூக்கலாம். முழுதாக இறுக 7 நாள், ஓசூர்ப் பனியில் 10 நாள். அதுவரை டேபிள்மேல் ரெக்சின் விரிப்போ கண்ணாடியோ போட வேண்டாம். வண்டியில் ஏற்றும்போது பாலித்தீனோ குமிழி கவரோ நேராகச் சுற்றினால் தொப்பூர் கணவாய் தாண்டுவதற்குள் அந்தக் குமிழி அச்சு அப்படியே பூச்சில் பதிந்திருக்கும். பழைய பருத்திப் புடவையோ போர்வையோ முதலில் சுற்றி, கவரை அதற்கு மேலே கட்டுங்கள்.